பழகாத ஏரிகளில் மஸ்கி

விஸ்கான்சினில் இருக்கும் என் மகன், ஈகிள் ரிவர் பக்கம் மஸ்கி மீன் பிடிக்கப் போகலாம் என்றான். கனடாவின் பிரெஞ்சுக்காரர்கள் இதை 'மஸ்கினோன்ஜே' என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. மூலம் ஒஜிப்வே பழங்குடியினரின் சொல்.

பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒன்று சிக்கும் என்பார்கள். அங்கே 28 ஏரிகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. இருவருக்கும் புதிய இடம். கையில் நான்கே நாள். எல்லாவற்றையும் சுற்றினால் படகுச் சவாரிதான் மிஞ்சும். ஆழம் காட்டும் வரைபடத்தை விரித்து இரண்டு ஏரிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீர்ச்செடிகள் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, நீருக்குள் மூழ்கிய மேடு இவற்றைப் பென்சிலால் குறித்தேன். பதிவேடு எழுதிய கை அல்லவா!

மகனுக்கு விடுமுறை ஜூலைக் கடைசியில். அங்கேதான் இடித்தது. பிடித்த மஸ்கியைத் திரும்ப விட்டுவிடுவதே பலரின் வழக்கம். ஆனால் தண்ணீர் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால், விட்ட மீன் பிழைப்பது கடினம்.

"விடுமுறையை மாத்திக்கிறேன். செப்டம்பர் வரைக்கும் இருப்பீங்களாப்பா?" என்றான்.

விசா நவம்பர் வரை இருக்கிறது. எழுபத்தாறு வயதில் மற்றதற்கு யார் உத்தரவாதம்?

"செப்டம்பரே இருக்கட்டும்" என்றேன். விட்ட மீன் நீந்திப் போக வேண்டாமா?