துளை போடுவதற்கு முன்

மஹிந்திரா தார் வாங்கியவர் அதை வாங்கியபடியே வைத்திருப்பது அபூர்வம். வண்டி வீட்டுக்கு வந்த கையோடு கேரியர், பனி விளக்கு, ஃபுட் ஸ்டெப், ஸ்நார்க்கல் என்று ஆசை வளரத் தொடங்கிவிடும். கோவையில் இவற்றை மாட்டித் தரும் கடைகளுக்குக் குறைவில்லை. "குடுங்கண்ணா, அரை மணி நேரத்துல மாட்டிரலாம்" என்பார்கள். மாட்டியும் விடுவார்கள். அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பயம். ஒயரை நடுவில் வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினால் அவர்கள் வேலை முடிந்தது. ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகும்போது பனியில் விளக்கு அணைந்தால், இறங்கி நிற்கப்போவது நாம்தானே? அதனால் என் வண்டிக்கு நானே மாட்டிக்கொள்கிறேன்.

விளக்கில் ஆரம்பிப்பது நல்லது. 55 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இத்தனையும் ஒரு சின்ன சுவிட்ச் வழியாக ஓடினால் அது சூடேறி உருகிவிடும். அதற்குத்தான் ரிலே. அடியில் 30, 85, 86, 87 என்று நான்கு கால்கள் இருக்கும். 30க்கு பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87இலிருந்து விளக்குக்கு. மற்ற இரண்டும் உள்ளே இருக்கும் காந்தச் சுருளுக்கு. சுவிட்ச் தொடுவது இந்தச் சுருளை மட்டுமே. ஃப்யூஸை பேட்டரியை ஒட்டியே வைக்க வேண்டும். விளக்குப் பக்கம் வைத்தால், வழியில் ஒயர் தோலுரிந்து பாடியில் பட்டாலும் ஃப்யூஸ் வேடிக்கை பார்க்கும், எரிவது ஒயர். தகட்டைத் துளைத்து ஒயர் போகும் இடத்தில் ரப்பர் கிராமெட் போடாதவரை வேலை முடிந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று கொண்டுவரும் குழாயான ஸ்நார்க்கல் வேறு ரகம். அதற்கு மட்கார்டில் பெரிய துளை போட்டாக வேண்டும். போட்ட துளையை மூட முடியாது. காகித அச்சை ஒட்டி, பென்சிலால் குறித்து, சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டி, சின்ன பிட்டில் தொடங்கிப் பெரிதாக்க வேண்டும். துளை போட்டதும் பாதி வேலைதான் ஆகியிருக்கும். விளிம்பை அரத்தால் ராவி, பிரைமர் அடித்து, பெயின்ட் காயும்வரை காத்திருப்பதுதான் மீதிப் பாதி. வெறும் இரும்பை விட்டு வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். இத்தனை பாடுபட்டாலும் வண்டி நீர்மூழ்கி ஆகிவிடாது. இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகாமல் இது காக்கும். புகுந்துவிட்டால், தண்ணீர் அழுந்தாது, அதனால் கனெக்டிங் ராடுதான் வளையும். ஆனால் தாருக்குக் கம்பெனி சொல்லும் 650 மில்லிமீட்டர் நீராழம் ஸ்நார்க்கல் வைத்ததால் கூடிவிடாது. ஆக்சில், மின்சாரப் பாகங்கள் எல்லாம் பழைய உயரத்தில்தானே இருக்கின்றன?

ஃபுட் ஸ்டெப்பை சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே மாட்டலாம். தாழ்ந்து தொங்கும் மாடல் மட்டும் வேண்டாம். தாரின் வயிறு 27 டிகிரி மேட்டில் தட்டாமல் ஏறி இறங்கும். அந்த 27 டிகிரியும் சேர்த்துத்தான் காசு கொடுத்து வாங்கினோம். பளபளக்கும் குழாய்க்காக அதைக் குறைத்துக்கொள்வானேன்?

எவ்வளவு கெஞ்சினாலும் நான் மாட்ட மாட்டேன் என்று சொல்வது முன்பக்க இரும்பு கார்டை. மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளவென்றே வண்டியின் முன்பகுதி செய்யப்பட்டிருக்கிறது. ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கும் அதை வைத்துத்தான். கார்டு இரண்டையும் கெடுக்கும். நடந்து போகிறவர்மேல் பட்டால் அவர் கதி அதைவிட மோசம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இந்த கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இதற்கு எதிராகத்தான் நிற்கிறது.

கேரியர் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் இரண்டுக்கும் நடுவே நைலான் வாஷர் போடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். முதல் கரடுமுரடுப் பயணம் முடிந்து வந்ததும், குளிக்கப் போகும் முன், ஸ்பேனரை எடுத்து நீங்கள் மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். சில கட்டாயம் தளர்ந்திருக்கும்.