97 டிகிரி

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

பிற்பகல் இரண்டரைக்குக் கணினி தானாக அணைந்தது. மின்தடை இல்லை, விளக்கும் காற்றாடியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நாலாவது வீட்டு ஆச்சியின் பதினாறாம் நாள் அழைப்பை அடித்துக்கொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகளின் பெயர்களை வயது வரிசையில் அடுக்கி, மூத்த மகள் வீடு முடிந்து இரண்டாவது மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் திரை கறுத்துவிட்டது.

மறுபடி முடுக்கினேன். சிறிது நேரம் ஓடி, மறுபடி அணைந்தது. பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

மாலையில் கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். பிராசஸரின் வெப்பத்தைக் காட்டுகிறது. சும்மா இருக்கும்போதே 68 டிகிரி. அழைப்பைப் பிடிஎஃப் ஆக்கக் கொடுத்ததும் எண் ஏறத் தொடங்கியது: 81, 89, 94. 97-இல் எல்லாம் ஆமை வேகத்துக்கு வந்தது. நூறை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். அணைந்தது.

2012-இல் பிரிக்ஃபீல்ட்ஸில் சொல்லிச் சேர்த்து வாங்கிய கணினி இது. இன்டெல் ஐ5-2400, எச்61 மதர்போர்ட். கிள்ளானில் இந்தத் தாமானிலும் சுற்றியுள்ள லோரோங்குகளிலும் நடந்த காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம், கருமக்கிரியை எல்லாம் இதற்குள் இருக்கின்றன. பாதிக்கு மேல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. வேறு கணினியில் திறந்தால் தமிழே தெரியாது. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும்.

எந்த வேலைக்கு எந்த எண் என்று குறித்து வைத்தால்தான் பழுது பார்ப்பவரிடம் சொல்ல முடியும். அதற்காகவே இந்தக் குறிப்பு.

செப்டம்பர் 10

விடியுமுன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் அழைப்பை முடித்துக் கொடுத்துவிட்டேன். 84-க்கு மேல் போகவில்லை.

செப்டம்பர் 13, சனி

சைபர்ஜெயாவிலிருந்து அண்ணன் மகன் பேசினான். "அத்தை, அதத் தூக்கிப் போடுங்க. அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சிடும். உங்க மெஷின்ல 11 ஏறாது." ஏறாதுதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். என்னுடையது இரண்டாம் தலைமுறை, 2011 ஜனவரியில் சந்தைக்கு வந்தது.

புதிதாக வாங்கினால் இரண்டாயிரம் வெள்ளி ஆகிவிடும் என்கிறான். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைக் கணினி என்றால் அறுநூறு வெள்ளிக்குக் கிடைக்குமாம். அறுநூறு என் இரண்டு மாத அச்சு வருமானம். மைகாட் அடையாள அட்டையில் அரசு போட்ட 100 வெள்ளி அப்படியே இருக்கிறது, ஆனால் அது அரிசிக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும்தான் செல்லும்.

"எழுத்துருவ காப்பி பண்ணிக்கலாம் அத்தை" என்றான். எழுத்துருவைக் கொண்டுபோகலாம். பேஜ்மேக்கரை எப்படிக் கொண்டுபோவது? அதன் கடைசிப் பதிப்பே 2001-இல் வந்தது. என்னிடம் இருக்கும் குறுந்தகடு கீறிப்போயிருக்கிறது.

கோபம் வந்துவிட்டது. அவன்மேல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு எங்கோ ஒருவர் உட்கார்ந்து தேதி குறிக்கிறார்களே, அதன்மேல். 1985-இல் இதே மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியிராவிட்டால், என் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து தமிழில் அச்சுக் கோத்துச் சம்பாதித்திருக்கவே முடியாது. அந்தக் காலத்துக் கணினிகளின் கொள்ளளவை நினைத்துப் பார்த்தால் என் பழைய பெட்டி பெரும் பணக்காரன்.

பழுது பார்க்க இருநூறு வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 16

மலேசியா தின விடுமுறை. பினாங்கிலிருந்து பெரியம்மா மகள் பேசினாள். கணினி கதையைச் சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சாமான நாங்கதானே செஞ்சோம்" என்றாள்.

எனக்குத் தெரியும், ஆனாலும் தெரியாது. 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. அதைச் சுற்றி வரிசையாக மற்ற நிறுவனங்களும் வந்தன. அக்கா தோட்டத்தைவிட்டுக் கிளம்பியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி பிடித்துத் தீவுக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலை பஸ். பாலம் 1985-இல்தான் வந்தது. வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்ட வேண்டும். ஷிப்ட் முழுக்க அதே வேலை. இருபத்தைந்து வயதில் கண்ணாடி போட்டவள். இப்போது சில்லு செய்யும் முறையே மாறிவிட்டது, அந்தக் கம்பி வேலை பிராசஸரில் இல்லை.

"அது எதுக்குள்ள போவுதுன்னு எங்க யாருக்கும் தெரியாதுடி. கேக்கவும் தோணல. எண்ணிக்கை வந்தாச் சரி."

இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பசார் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, கிள்ளான் ஸ்டேஷனில் கொமூட்டர் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஒரு மலாய்ப் பெண் வண்டியைத் தூக்கிவிட்டாள். உள்ளே என்ன என்று கேட்டாள், சொன்னேன், தன் வீட்டிலும் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொன்னாள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நு சென்ட்ரல் வழியாக ஜாலான் துன் சம்பந்தனுக்கு வருவதற்குள் கை ஓய்ந்துபோயிற்று. அங்காடி வரிசையில் மல்லிகைச் சரம் வாங்கினேன். புரட்டாசிச் சனி.

கணினி வாங்கிய கடை மாடியில். முன்பு இருந்தவர் இப்போது இல்லை, அவர் மகன் பார்க்கிறான். பக்கத் தகட்டைக் கழற்றியதும் இருவருமே பேசவில்லை. காற்றாடிக்கும் அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தான். "சாம்பிராணி, ஆன்ட்டி. சாமி மேடை பக்கத்துலயா வெச்சிருக்கீங்க?" ஆமாம். பத்தி எண்ணெயும் புகையும் சேர்ந்து தூசியை ஒட்ட வைத்திருக்கிறது.

ஹீட்சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் கால்கள் மதர்போர்டோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கால் பிடிப்பே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருக்கிறதோ. கழற்றினால், நடுவில் இருந்த தெர்மல் பேஸ்ட் உலர்ந்து வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. "சூடு வர்றது தப்பில்ல ஆன்ட்டி. 95 வாட்னு அவனே எழுதியிருக்கான். வெளிய போக வழி வேணும்ல. ரெண்டு உலோகமும் நல்லா ஒட்டலன்னா நடுவுல காத்து நின்னுடும். காத்து சூட்டக் கடத்தாது."

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தான். செதில் போகப் போக எழுத்து தெரிந்தது. ஐ5-2400. 3.10 கிகாஹெர்ட்ஸ். அதன் கீழே, ‘மலாய்’, மலேசியா என்பதன் சுருக்கம். கையில் கொடுக்கச் சொன்னேன். விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தந்தான். நான்கு சென்டிமீட்டர்கூட இல்லாத சதுரம். வேஃபர் எங்கேயோ செய்திருப்பார்கள். வெட்டி, பொதிந்து, சோதித்து அனுப்பியது இந்த நாட்டில். அக்காவின் காலத்துக்குப் பிறகு வந்த யாரோ ஒரு பெண் இதையும் விளக்கடியில் பார்த்திருப்பாள்.

புதிய பேஸ்ட் ஒரு சொட்டு, பெரிய காற்றாடி வைத்த புதிய கூலர். கூலி உட்பட 88 வெள்ளி. அங்கேயே ஓட்டிப் பார்த்தோம். சும்மா இருக்க 41. வேலை கொடுத்தால் 66.

செப்டம்பர் 21

நாள் முழுக்க 66-ஐத் தாண்டவில்லை. காரணமே இல்லாமல் அடிக்கடி போய்ப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 27

கோயில் மலர் வேலை வந்திருக்கிறது. நிறைய படங்கள். படம் திருத்தும் மென்பொருள், வாட்ஸ்அப், பேஜ்மேக்கர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் நான் அடித்த எழுத்து திரைக்கு வர நேரம் எடுக்கிறது. சூடு குறைந்துவிட்டது, மூச்சு வாங்குவது குறையவில்லை. அண்ணன் மகன் சொன்ன யோசனை: அதே சாக்கெட்டில் ஐ7-3770 உட்காரும். 2012-இல் வந்தது. இதில் ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓடும், அதில் எட்டு. மின்சாரமும் 77 வாட்தான்.

கிள்ளானில் பழைய பாகம் விற்கும் தவுக்கே ஒரு தட்டு நிறையப் பிராசஸர்களைக் கொண்டுவந்து வைத்தார். அலுவலகக் கணினிகளிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பெரும்பாலானவை மலாய், சில கோஸ்டா ரிக்கா. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். 105 வெள்ளிக்கு முடித்தோம். எனக்கு முன்னாலேயே ஒரு போர்டில் போட்டு ஓட்டிக் காட்டினார்.

இரண்டு எச்சரிக்கைகள் சொன்னார். உங்கள் போர்ட் பழையது, பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் இதை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு இதை அடையாளம் தெரியாது. இன்னொன்று, வாட் குறைவு என்று குளுமையை எதிர்பார்க்காதீர்கள். பழையதில் சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே ஈயப்பற்று போல உருக்கி ஒட்டியிருப்பான். இதில் உள்ளேயும் வெறும் பேஸ்ட்தான். விற்கிறவர் வாயால் இதைக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபர் 1

ஆயுத பூசை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். சாமி மேடையிலிருந்து எட்ட, சன்னல் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பிறகு தீபாராதனை காட்டினேன்.

அக்டோபர் 4, சனி

பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்ட் அதோடு முடிந்தது. இந்த மாதத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழையில் மின்சாரத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. நேற்றிரவே அண்ணன் மகன் வந்து தங்கினான். காலை ஆறரைக்கு வானம் பார்த்தான். பென் டிரைவைச் செருகினான். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. கெட்டிலைக்கூட அணைத்துவிட்டேன், ஃபியூஸ் போய்விடக் கூடாது என்று. கோடு பாதியில் நின்றது போல இருந்தபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தையாக இருந்தபோது பிடித்த மாதிரியே.

முடிந்தது. மதியம் இரண்டு மணிக்கு இடி இடித்து மின்சாரம் போனது.

அக்டோபர் 5

மாட்டியாயிற்று. வேலை கொடுத்தால் 73. பழையதைவிடக் கூடுதல். அவன் கூலரைக் கழற்றி மறுபடி பேஸ்ட் வைத்தான், அப்போதும் 73. தவுக்கே சொன்னதைச் சொன்னேன். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். மூன்று மென்பொருள்களும் ஒன்றாகத் திறந்திருக்க, எழுத்து கையோடு கையாக வருகிறது.

அக்டோபர் 9

பின் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தார். 2014-இல் தவறிய கணவருக்கு நான் அடித்த அழைப்பில் மாமனாரின் ஊர்ப் பெயர் இருந்ததாம், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று பேத்தி கேட்கிறாளாம். வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தேடி எடுத்தேன். முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வாய்விட்டுப் படித்தேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

காகிதத்தில் ஒரு நகல் கேட்டார். காகிதத்தோடு, யூனிகோடுக்கு மாற்றி அவர் பேத்தியின் கைப்பேசிக்கும் அனுப்பிவைத்தேன். பிறகு அந்த வருடத்துக் கோப்புகள் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். சமைக்கவில்லை.

அக்டோபர் 14

விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அண்ணன் மகன் பதிந்துவிட்டான். 2026 அக்டோபர் வரை. 2015 கோப்புகள் முடிந்தன.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம், ஜாலான் தெங்கு கிளானாவில் நடக்க இடமில்லை. அக்கா நாளை பினாங்கிலிருந்து வருகிறாள். ஐ5-ஐப் பஞ்சு வைத்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன், பார்க்க வேண்டுமாம்.

ஒரு சிக்கல். இதற்கு முந்தைய கணினியிலிருந்து 2012-இல் கொண்டுவந்த கோப்புறை ஒன்று இருக்கிறது. அதன் எழுத்துரு எந்த மாற்றிக்கும் தெரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத் தம்பி தேடிப் பார்த்துக் கைவிட்டுவிட்டான். அந்த எழுத்துருவைச் செய்தவர் யார் என்றும் கோப்பில் இல்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நானே ஒரு நோட்டில் அட்டவணை போட ஆரம்பித்திருக்கிறேன். உயிர் முடிந்தது, உயிர்மெய்யில் சௌ வரை வந்திருக்கிறேன். தீபாவளி அழைப்புகள் மூன்று பாக்கி, அவற்றை முடித்துவிட்டுத்தான் ஞகரம்.