தொப்பையில்லாத தீவு

மீஞ்சூரில் மின்சார ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய்.

கரையில் ஆறு பேர் ஃபைபர் படகைத் தள்ளி மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் தொப்பை இல்லை! ஆபீஸ் நாற்காலி தந்த என் தொப்பையை எக்கிக்கொண்டு நானும் தோள் கொடுத்தேன். இரண்டே நிமிஷம்... நாக்கு தள்ளிவிட்டது.

"தினம் எக்சர்சைஸ் உண்டா?" என்றேன், கூடவே தள்ளிய அறுபது வயதுப் பெரியவரிடம்.

"படகு தள்றோம், வலை இழுக்கறோம். சாயங்காலம் பசங்களுக்கு மணல்ல கபடி. வேற இன்னாத்துக்கு சார்?"

2010-இல் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அப்புறம் துறைமுகம்.

"தொழில் சுருங்கிப்போச்சு சார். என் புள்ள இப்ப கம்பெனி வாட்ச்மேன். நாள் பூரா சேர்லதான். கபடிக்கும் வர்றதில்ல. ஒரே வருஷத்துல வயிறு..." என்று சொல்ல வந்தவர், என் சட்டைப் பட்டனைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.