பேஸ் கிடாரும் ஒத்து ஊதுறவரும்

சீர்காழியில் பேஸ் கிடார் வாசிக்கிறேன் என்று சொன்னால் முதலில் வரும் கேள்வி, "என்ன தம்பி நாலு கம்பிதான் இருக்கு, மீதி ரெண்டும் அறுந்துபோச்சா?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வரும். "சரி, எங்க ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு." இங்கேதான் மாட்டிக்கொள்வோம். பேஸில் தனியாக ஒரு பாட்டை வாசித்தால் வாசிக்கிறவனைத் தவிர வேறு யாருக்கும் அது என்ன பாட்டு என்று தெரியாது. வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சுருதி சேத்துட்டியா, ஆரம்பிக்கலாமா?" என்றார் :-)

வகுப்பில் இரண்டு பேர் பேஸ் வாங்கப்போவதாகச் சொல்லி, எந்த மாடல், எந்தக் கம்பி, டோன் எப்படி வரவழைப்பது என்று துளைக்கிறார்கள். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மச்சான்களா, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், காசு கிடையாது.

முதலில் எங்கள் ஊர் நாகஸ்வரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சட்டைநாதர் கோயில் இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு வேறு எங்கிருந்து ஆரம்பிக்க வரும்? பழைய நாகஸ்வர செட்டில் ஒத்து என்று ஒன்று உண்டு. பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் ராகம் வாசிக்க முடியாது. ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் சிஷ்யப் பையன்தான் ஊதுவான். இப்போது அந்த இடத்தில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் அது பாட்டுக்கு ஊதும், சாப்பாடு கேட்காது. ஒத்து போனாலும் "அவன் இவனுக்கு ஒத்து ஊதுறான்" என்ற பேச்சு மட்டும் மிச்சம் இருக்கிறது. சொந்தமாக ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுகிறவன் என்று அர்த்தம்.

பேஸ் கிடாரைப் பற்றி எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் இருக்கிற அபிப்பிராயமும் கிட்டத்தட்ட இதுதான். பின்னால் நின்று 'தும் தும்' என்று ஒத்து ஊதுகிறவன். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரு குழுவில் வாசித்தவர். திருவிழா, கல்யாணம், காதுகுத்து எதையும் விட்டதில்லை. கீபோர்டுக்காரர் இடது கையிலேயே பேஸையும் வாசித்துவிடலாம் என்று ஆனபிறகு அவரைக் கூப்பிடுவது குறைந்து, அப்புறம் நின்றே போனது. கிடாரை என்னிடம் கொடுத்தார். நானும் அதே குழுவில் போய்க் கேட்டேன். நடத்துகிறவர் நல்ல மனுஷன், ஒளிக்காமல் சொன்னார். "தம்பி, நீ வந்தா ஒரு ஆள் சம்பளம், வேன்ல ஒரு சீட்டு, ஒரு சாப்பாடு. பேஸ் கீபோர்டுலயே வந்துடுது. மூணு புரோகிராம் வா, பாப்போம்."

ஆகவே டோன் டோன் என்று நான் அலைந்ததெல்லாம் பொழுதுபோக்குக்கு மட்டும் இல்லை. வேனில் ஒரு சீட்டுக்காக.

இப்போது கிடாருக்கு வருவோம். சாதாரண பேஸில் நான்கு கம்பிகள்: ஈ, ஏ, டி, ஜி. கிடாரின் கீழ் நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே. மிகக் கீழே இருக்கிற ஈ கம்பி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு மெதுவாக அதிர வேண்டும் என்பதால்தான் கம்பி அத்தனை நீளம் (பொதுவாக 34 அங்குலம்), அத்தனை தடிமன்.

மின்சார பேஸை ஊரறியச் செய்தவர் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர். 1951-இல் வந்த அந்தக் கிடாருக்குப் பெயர் பிரிசிஷன் பேஸ். அதற்கு முன் ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அதில் ஃபிரெட் கிடையாது, ஸ்வரத்தை விரலும் காதும்தான் தேட வேண்டும். ஃபெண்டர் ஃபிரெட் வைத்ததால் ஸ்வரம் துல்லியமாக விழுந்தது, பெயரும் அதிலிருந்தே வந்தது. 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. இதில் கழுத்து ஒல்லி, பிக்கப் இரண்டு. இன்று கடையில் தொங்குகிற பேஸ்களில் நிறைய இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளையோ பேரனோதான். பிரிசிஷன் ஒரே மாதிரியான கனத்த குரல், குழுவுக்குள் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஜாஸில் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு தெளிவு வரும், விரல் ஓட்டம் கேட்கும். கையில் எடுத்துப் பார்த்து, எதன் கழுத்து உங்கள் கைக்குள் அடங்குகிறதோ அதை வாங்குங்கள். அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸை எதற்காகத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? விலை குறைவு. அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே வடிவம், அதனால் இடதுகைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. அவ்வளவுதான் காரணம்! (அது 1972-இல் திருடுபோய், 2024-இல்தான் அவர் கைக்குத் திரும்பி வந்த செய்தி வெளியானது. நம்ம ஊரில் சைக்கிள் போனாலே கிடைப்பதில்லை.)

அண்ணன் கொடுத்தது பிரிசிஷன் மாதிரியே செய்த ஒன்று. தலையில் இருந்த பெயர் எப்போதோ உரிந்துபோய்விட்டது. நண்பர்கள் எல்லாரும் "அதைத் தூக்கிப் போடு, அஞ்சு கம்பி, பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் வாங்கு" என்றார்கள். சேர்த்து வைத்த பணமும் இருந்தது. நான் வாங்கவில்லை. கம்பிக்கும் செட்டிங்குக்கும் செலவழித்தேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி.

கம்பியில் இரண்டு பெரிய ஜாதி. ரவுண்ட்வூண்ட் என்பது நடுக்கம்பி மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியது. விரலால் தடவினால் வைக்கோல் பிரி மாதிரி மேடுபள்ளமாக இருக்கும். பியானோ போலக் கணீர் என்று கேட்கும். 1960களில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸில் ரோட்டோசவுண்ட் கம்பியில் இந்தச் சத்தத்தை எடுத்து எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்னொன்று ஃப்ளாட்வூண்ட். பட்டையான ரிப்பனைச் சுற்றியது, வழவழ என்று இருக்கும். சத்தமும் அப்படித்தான், உருண்டையாக, இருட்டாக. அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒரு 1962 பிரிசிஷனில் தடித்த ஃப்ளாட் கம்பி போட்டு, வலது கையில் ஒரே ஒரு விரலால் வாசித்தவர். அறுந்தால் ஒழியக் கம்பி மாற்ற மாட்டாராம். அழுக்கு ஏறிய கம்பியில்தான் அவருக்கு வேண்டிய சத்தம் இருந்தது.

எனக்கு ஜேமர்சன் சத்தம்தான் உயிர். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் அப்படியே கரைந்துவிடுவேன். ஆனால் சீர்காழி சுற்று வட்டாரத்தில் அந்தச் சத்தம் யார் காதுக்கும் போய்ச் சேராது. கிராமத்துத் திருவிழாவில் மேடைக்கு இரண்டு பாக்ஸ் இருக்கும். தெருக்கோடி வரைக்கும் போவது தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அந்தக் குழாய் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் வெளியே விடாது. யாராவது செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டாலும் அதே கதி. 41 என்ன, 100 ஹெர்ட்ஸ்கூட அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. பேஸ் வாசிக்கிறவன் சும்மா நின்று கையை ஆட்டுகிறான் என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பே இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே கேட்டிருக்காது.

ஆனால் காதுக்கு ஒரு விசித்திர குணம் இருக்கிறது. அடி ஸ்வரம் காணாமல் போனாலும் அதன் மடங்குகள் (82, 124, 165, 206 என்று மேலே போகிறவை) போதுமான அளவு கேட்டால், மூளை அந்த அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ரவுண்ட் கம்பியில் அந்த மேல் மடங்குகள் தாராளம். அதனால் குழாயில்கூட "ஏதோ பேஸ் ஓடுது" என்று தெரியும். ஆகவே மேடைக்கு ரவுண்ட், வீட்டில் இருக்கிற இன்னொரு செட் ஃப்ளாட், என் ஆசைக்கு.

ரவுண்ட் கம்பியின் குறை என்னவென்றால் சீக்கிரம் செத்துப்போகும். நம்ம ஊர் வேர்வையும் திருமுல்லைவாசல் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்றும் சேர்ந்தால் ஒரு மாசத்தில் மேடுபள்ளத்தில் அழுக்கு அடைந்து மொண்ணையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்க நாம் என்ன மிராசுதாரா? கழற்றிச் சுருட்டிப் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்க வைத்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டினால் சில நாளைக்குப் பழைய கணீர் திரும்பி வரும். எங்கள் அம்மா அந்தப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இதை நீயே வச்சுக்க. இனிமே இதுல நான் ரசம் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒரு தடவை துடைத்தால் இந்தக் கொதிக்க வைக்கிற வேலை பாதி குறையும்.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்று நினைத்தால் மிருதங்கக்காரரைப் பாருங்கள். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கொஞ்சம் கூடினால் சத்தம் கீழே இறங்கும், குறைந்தால் ஏறும். கச்சேரி முடிந்ததும் சுரண்டிவிடுவார்கள். இடது கைச் சத்தத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகிற தேசத்தில் நான் கம்பியைக் கொதிக்க வைத்தால் மட்டும் சிரிப்பு வருகிறதா?

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஈரத்தில் கழுத்து மரம் வளைந்து கம்பி மேலே தூக்கும் அல்லது ஃபிரெட்டில் இடித்துக் கரகரக்கும். 2022 நவம்பரில் ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கும். அப்போது கிடாரைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றினோம், ஆனாலும் கழுத்து விட்டுக்கொடுத்துவிட்டது. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டை ஆலன் கீயால் கால் திருப்பு திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, அப்புறம் மறுபடி. அவசரப்பட்டு ஒரே மூச்சில் திருகாதீர்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் டோனில் பெரும்பங்கு விரல் எங்கே விழுகிறது என்பதில்தான். பிரிட்ஜ் பக்கம் மீட்டினால் இறுக்கமாக, கழுத்துப் பக்கம் மீட்டினால் தளர்வாக, அகலமாக. வீணை வாசிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அதைவிட முக்கியம், ஸ்வரத்தை எப்போது நிறுத்துகிறோம் என்பது. இடது கை விரலை லேசாகத் தூக்கினால் ஸ்வரம் அந்த இடத்தில் அடங்கும். அந்தச் சின்ன மௌனத்தில்தான் டிரம்ஸின் அடி விழும். கீபோர்டுக்காரர் இடது கையில் வாசிக்கும்போது ஸ்வரமெல்லாம் சரியாகவே வரும். ஆனால் வலது கையில் புல்லாங்குழலும் வயலினும் வாசிக்கிற மனுஷனுக்கு இந்த நிறுத்தல்களைக் கவனிக்க ஏது நேரம்? அவர் இடது கை ஒத்து ஊதும், வேறு வழியில்லை.

இளையராஜா பாட்டுகளில் இது நன்றாகத் தெரியும். மூடுபனி (1980) படத்தில் யேசுதாஸ் பாடுகிற கிடார் பாட்டை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். ரெட்டை வால் குருவி (1987) படத்தில் ராஜராஜ சோழன் பெயரில் தொடங்குகிற பாட்டையும் கேளுங்கள். பாடகர் ஒரு வரி சொன்னால் பேஸ் அதற்குக் கீழே வேறொரு மெட்டில் பதில் சொல்லிக்கொண்டே போகும். சில இடத்தில் எதிர்த்துப் பேசும். அவர் எல்லா வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுக்கிறவர், பேஸுக்கும்தான். அவரிடம் பல வருஷம் பேஸ் வாசித்த சசிதரனையும் ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸையும் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆனால் அவர்கள் வாசித்ததை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றாவது புரோகிராமில் பார்த்தோம்.

அது கடலோரக் கிராமத்தில் ஒரு திருவிழா. ரெட்டை வால் குருவி பாட்டுக்கு முன்னால் நடத்துகிறவர் என் பக்கம் வந்து, "இதுக்கு நீ சும்மா நில்லு தம்பி, பாப்போம்" என்றார். நின்றேன். பல்லவி போனது. ஜனங்களில் யாரும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை, பலூன்காரரைச் சுற்றி அதே கூட்டம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் சரணத்துக்கு நடுவில் பாடுகிற அண்ணன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் மைக்கை மூடிக்கொண்டு, "ஏன்யா பேஸ நிறுத்துன? காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கு, எங்க நின்னு பாடுறது?" என்று நடத்துகிறவரிடம் எகிறினார். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வேனில் திரும்பும்போது கணக்கு சொன்னார். திருவிழாவுக்கு முழுச் சம்பளம், கல்யாணத்துக்குப் பாதி. கல்யாண வீட்டில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை என்பது அவர் வாதம். நான் முக்கால் கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை. அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான், "எந்தக் கம்பி போட்டிருந்த?"