கடைசி சீசனும் பதினெட்டாம் போரும்

ஜூன் 10, வெள்ளிக்கிழமை. உங்க காலண்டர்ல அன்னிக்கு என்ன எழுதியிருக்கு? லேப் எக்ஸாம்னு எழுதியிருந்தா என் ஆழ்ந்த அனுதாபங்கள். என் காலண்டர்ல ஒரு தொப்பி மட்டும் வரைஞ்சு வெச்சிருக்கேன். பாதிப் பேருக்கு இதுலயே புரிஞ்சிருக்கும். ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ ஆறாவது சீசன், அதாவது கடைசி சீசன், அன்னிக்குத்தான் நெட்ஃப்ளிக்ஸ்ல நமக்கு வருது.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். முதல் உலகப் போர் முடிஞ்சு 1919-ல இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துல கதை ஆரம்பிக்குது. போருக்குப் போய் சுரங்கம் தோண்டிட்டுத் திரும்பின டாமி ஷெல்பி, அவனோட அண்ணன் தம்பிகள், அத்தை பாலி. குதிரைப் பந்தய சூதாட்டம்தான் குடும்பத் தொழில். தொப்பி விளிம்புல பிளேடு. அங்கேர்ந்து டாமி பார்லிமென்ட் வரைக்கும் போறான். 2013-ல பிபிசி-யில ஆரம்பிச்சது. சீசனுக்கு ஆறே எபிசோட். உண்மையிலேயே அந்தப் பேர்ல ஒரு கும்பல் இருந்திருக்கு, ஆனா அவங்க காலம் 1890-கள். கதையை எழுதின ஸ்டீவன் நைட், தன் அப்பா சின்ன வயசுல பார்த்ததைக் கேட்டு வளர்ந்தவர். மேசை முழுக்கக் காசு, சுத்தி நல்லா டிரஸ் பண்ணின ஆளுங்க, ஆனா பீர் குடிக்க கிளாஸ் இல்லாம ஜாம் பாட்டில். அந்த ஒரு காட்சியிலேர்ந்துதான் மொத்த சீரியலும் வந்ததுன்னு சொல்லுவார்.

நம்ம காலேஜ்ல பாதிப் பசங்க டிபி டாமிதான். ஸ்லோமோஷன்ல அவன் நடந்து வர, பின்னாடி அனிருத் பிஜிஎம் போட்ட ஸ்டேட்டஸைப் பார்க்காதவங்க யாரு? எனக்குப் பிடிச்சது வேற. அந்தக் குடும்பம் மேசையைச் சுத்தி உட்கார்ந்து பேசற காட்சிகள். எவ்வளவு பெரிய ரௌடியா இருந்தாலும், அத்தை பாலி ஒரு பார்வை பார்த்தா வாயை மூடிக்குவான். நம்ம வீட்டுக் கல்யாணப் பேச்சுல அத்தைங்க உட்கார்ந்திருப்பாங்களே, அதே அதிகாரம். சப்டைட்டில் இல்லாமலே புரியற இடம் அது.

இப்போ காத்திருப்புக்கு வருவோம். அஞ்சாவது சீசன் 2019 அக்டோபர்ல நமக்கு வந்தப்போ நான் செகண்ட் இயர். ஹாஸ்டல் ரூம்ல அஞ்சு பேர், ஒரு லேப்டாப், ஒரு ஓட்டை ஸ்பீக்கர். கடைசிக் காட்சியில பனி மூட்டத்துக்கு நடுவுல டாமி தன் நெத்தியிலயே துப்பாக்கியை வெச்சுட்டு கத்துவான். அவ்வளவுதான், கட். (மூணு வருஷப் பழசு, ஸ்பாய்லர் கணக்குல வராது!) “அடுத்த வருஷம் வந்துடும்டா”ன்னு சொல்லிட்டுப் படுத்தோம். அடுத்த வருஷம் என்ன வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்ல நம்ம ஹாஸ்டலை மூடினாங்க. அங்க ஷூட்டிங்கும் அப்பவே நின்னு போச்சு. தேர்ட் இயர் முழுக்க கூகுள் மீட்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சது. திரும்பி வந்தப்போ நாங்க ஃபைனல் இயர்.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, பிரிட்டன்ல எல்லாத்தையும் பார்த்து முடிச்சுட்டாங்க. பிப்ரவரி 27-ல ஆரம்பிச்சு ஏப்ரல் 3-ல பிபிசி-யில கடைசி எபிசோட் போயாச்சு. டாமி இருக்கானா செத்தானான்னு பாதி உலகத்துக்குத் தெரியும். ரெண்டு மாசமா நான் இன்ஸ்டாவைத் திறக்கறதே ஒரு கண்ணை மூடிட்டுத்தான். எங்க வாட்ஸ்அப் குரூப்ல சட்டமே இருக்கு: ஸ்பாய்லர் போட்டா பிரியாணி ஃபைன்.

இந்த பயம் எனக்கே விசித்திரமா பட்டது போன மாசம், எங்க ஊர் பாரதத்துக்குப் போனப்பதான்.

சேத்துப்பட்டு பக்கத்துல எங்க அப்பாவோட ஊர். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குப் பாரதம்னா சொல்லவே வேணாம். வெளி மாவட்டத்துலேர்ந்து வந்து படிக்கறவங்களுக்காகச் சொல்றேன். திரௌபதி அம்மன் கோயில்ல கொடியேத்திட்டா, தினமும் மதியம் ஒருத்தர் வில்லிபாரதத்தைப் பாடிப் பாடிக் கதை சொல்லுவார். கடைசிப் பத்து நாளோ என்னவோ, ராத்திரி அதே கதை கூத்தா வரும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ஜுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியா பதினெட்டாம் போர். ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும். கடைசி நாள் காலையில படுகளம். நாப்பது அம்பது அடி நீளத்துக்கு மண்ணுல துரியோதனனைப் படுக்க வெச்சிருப்பாங்க. வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுருவத்து மேலயே ஓடி ஓடிச் சண்டை போடுவாங்க. தொடையில அடி விழும். அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி அன்னிக்குத்தான் முடிவா. சாயங்காலம் தீமிதி.

ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், ஃபினாலே பகல்ல. யோசிச்சுப் பாருங்க, இது பக்கா சீசன்தானே?

இந்தக் கூத்தை நான் ரொம்ப நாள் கிராமத்து விஷயம்னுதான் நினைச்சுட்டிருந்தேன். இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச பசங்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடமா சொல்லித் தரல. ஆனா செய்யாறு பக்கத்துல இருக்கற புரிசை தம்பிரான் குடும்பத்தோட கூத்தைப் பார்த்து அசந்து போனவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. அவர் 1977-ல சென்னையில ஆரம்பிச்ச கூத்துப்பட்டறையிலதான் விஜய் சேதுபதி கணக்கு எழுதற வேலைக்குச் சேர்ந்து, நடிகர்களைப் பார்த்துப் பார்த்து நடிக்கவும் வந்தார். நம்ம மாவட்டத்து மண்ணுக்கும் ‘96’ ராமுக்கும் தூரம் அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் ஊரடங்குல எங்க ஊர்ல பாரதம் நடக்கல. இந்த வருஷம்தான் திரும்ப வெச்சாங்க. கர்ண மோட்சம் அன்னிக்கு ராத்திரி ஆயா பக்கத்துல பாய்ல உட்கார்ந்தேன். ஆயாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து பார்க்கற கதை. கர்ணனுக்குத் திரை பிடிச்சு, முகவீணை இழுக்க ஆரம்பிச்சதுமே முந்தானையை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிச்சு. கர்ணன் இன்னும் ஒரு வார்த்தை பேசல!

“ஆயா, இவன் சாவப் போறான்னு உனக்குத்தான் தெரியுமே. அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் வந்து அழுவுற?”ன்னு கேட்டேன்.

“இன்னாடா கேள்வி இது? உங்க தாத்தன் பொழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டான். தெரியும்தானேன்னு நீ பாக்க வராம இருந்தியா?” அப்படின்னுட்டு திரும்பக் கூத்தைப் பார்க்க ஆரம்பிச்சுடுச்சு.

அன்னிக்கு விடியற வரைக்கும் எனக்கு டாமி ஷெல்பி ஞாபகமாவே இருந்தது. நான் ஜூன் 10-க்காகக் காத்திருக்கறது ஒரு தகவலுக்காகவா? இருக்கானா, செத்தானாங்கற தகவலை கூகுள்ல தேடினா ரெண்டு செகண்டுல கிடைச்சுடும். அப்போ வேற எதுக்கோதான் காத்திருக்கேன்.

நம்ம திருவண்ணாமலைக்கே இது நல்லாத் தெரியும். கார்த்திகை தீபத்தன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில தீபம் ஏத்துவாங்க. நேரம் தெரியும், இடம் தெரியும். அர்த்தநாரீஸ்வரர் வெளிய வந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆடிட்டு உள்ள போயிடுவார்னும் தெரியும். சஸ்பென்ஸ்னு ஒண்ணுமே கிடையாது. ஆனாலும் அஞ்சே முக்காலுக்கு ஊர் முழுக்க ஒரு அமைதி வரும் பாருங்க! 2020-ல கோயிலுக்குள்ளயும் மலைமேலயும் பக்தர்களை விடல. மொட்டை மாடியிலேர்ந்துதான் பார்த்தோம். தீபம் அதே தீபம்தான். பக்கத்துல தோளோட தோள் உரச யாரும் இல்ல. ஏதோ பார்க்காத மாதிரியே இருந்தது.

அப்பா ஒரு கதை சொல்லுவார். பி.ஆர். சோப்ராவோட ‘மகாபாரத்’ 1988 அக்டோபர்லேர்ந்து 1990 ஜூன் வரைக்கும் தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலையில வரும். மொத்தம் 94 எபிசோட். எல்லாம் ஹிந்தி. தெருவுல ஒரே டிவி, அப்பாவுக்கு ஹிந்தியில ஒரு வார்த்தை தெரியாது, கூட உட்கார்ந்த யாருக்கும் தெரியாது. ஆனா எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சுது. கூத்துல ஏற்கனவே பார்த்த கதைதானே! “இப்ப சகுனி காயை உருட்டுவான் பாரு”ன்னு பெரியவங்க முன்கூட்டியே சொல்லுவாங்களாம். நாம ஸ்பாய்லர்னு பிரியாணி ஃபைன் போடறோம். அவங்களுக்கு அதுதான் சப்டைட்டில்.

அதுக்கு முன்னாடி ஓடின ராமானந்த் சாகரோட ‘ராமாயண்’ கதை இன்னும் சுவாரஸ்யம். 1988-ல பட்டாபிஷேகத்தோட முடிக்கறதா இருந்தாங்க. பஞ்சாப்ல ஜலந்தர்ல துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. எதுக்குன்னு நினைக்கறீங்க? அவங்க வால்மீகி சமூகத்தைச் சேர்ந்தவங்க. லவ-குசர்களை வால்மீகி வளர்க்கற பகுதியைக் காட்டாம எப்படிக் கதையை முடிப்பீங்கன்னு கேட்டாங்க. குப்பை மலையா குவிஞ்சுது, வேற ஊர்களுக்கும் பரவுச்சு. கடைசியில உத்தர ராமாயணம் எடுத்தாங்க. கடைசி சீசனைப் போராடி வாங்கின ஜனங்க நாம! அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு தெரியாமலா கேட்டாங்க? நல்லாத் தெரிஞ்சுதான் கேட்டாங்க. கதையில தங்களுக்கு ஒரு இடம் இருக்கு, அது வர்ற வரைக்கும் கதை முடியலன்னு கேட்டாங்க.

பீக்கி பிளைண்டர்ஸ்லயும் எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு. இது ஸ்பாய்லர் இல்ல, செய்தி. அத்தை பாலியா நடிச்ச ஹெலன் மெக்ரோரி 2021 ஏப்ரல்ல புற்றுநோயால இறந்துட்டாங்க. வயசு 52. அவங்க இல்லாமத்தான் கடைசி சீசனை எடுத்திருக்காங்க. அந்த மேசையில அந்த நாற்காலியை என்ன பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

அந்த அஞ்சு பேர்ல ஒருத்தனைப் பத்தி இப்போ சொல்லணும். போன வருஷம் மே மாசம், ரெண்டாவது அலையில, அவனோட அப்பா தவறிட்டார். ஆரணியில அரிசிக் கடை. அடுத்த மாசமே இவன் கல்லாவுல உட்கார்ந்துட்டான். ஹாஸ்டலை நாங்க திரும்பத் திறந்து போனப்போ அவன் கட்டில்ல வேற ஜூனியர் இருந்தான். பரீட்சைக்கு மட்டும் காலையில பஸ் பிடிச்சு வருவான், எழுதிட்டு அடுத்த பஸ்ல போயிடுவான். குரூப்ல இருக்கான், ஆனா பேச மாட்டான். நாங்களும் சீரியலைப் பத்தி அவன்கிட்ட எதுவும் பேசல. கடையைப் பார்க்கறவன்கிட்ட போய் தொப்பியைப் பத்தி என்ன பேசறது?

போன வாரம் அவனே குரூப்ல போட்டான்: “10-ஆம் தேதி யார் ரூம்?”

பதில் சொல்ல யாருக்கும் ரூம் இல்ல. வைவா முடிஞ்சதும் ஹாஸ்டலைக் காலி பண்ணணும். ஒருத்தன் ஏற்கனவே வேலைக்குச் சேர்ந்து பெங்களூர்ல இருக்கான். அவனவன் வீட்டுல, அவனவன் போன்ல பார்த்துட்டு குரூப்ல கமென்ட் போட்டுக்கலாம்னு யாரோ சொன்னாங்க. சௌகரியம்தான். நான் அவனுக்குப் போன் பண்ணினேன். “உனக்கு நேரம் இருக்குமாடா?”ன்னு கேட்டேன்.

“பாலி இல்லாம அவங்க வீட்டுல எப்படி சமாளிக்கறாங்கன்னு பாக்கணும்டா”ன்னான்.

அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல. ஆரணியில அவன் வீட்டு மொட்டை மாடின்னு முடிவாச்சு. கடையை மூடிட்டு அவன் வர பத்து மணி ஆகும். ஆறு எபிசோட், கூத்து மாதிரியே விடியற வரைக்கும் போகும். பெங்களூர்காரன் ஆபீஸ்லேர்ந்து நேரா பஸ் ஏறறான். லேப்டாப் என்னோடது, ஸ்பீக்கர் அதே ஓட்டை ஸ்பீக்கர். அவங்க அம்மா கேட்டாங்களாம், பசங்களுக்கு ராத்திரிக்கு இட்லி போதுமா, இல்ல சப்பாத்தி போடட்டுமான்னு.

டாமிக்கு என்ன ஆகும்னு எனக்கும் ஆசை ஆசையா யூகங்கள் இருக்கு. இரண்டாம் உலகப் போரோட முதல் சைரன் பர்மிங்காம்ல ஒலிக்கற வரைக்கும் கதையைக் கொண்டு போகணும்னு நைட் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தார். சீசனுக்கப்புறம் ஒரு படமும் வரும்கறாங்க. அதனால டாமி தப்பிச்சுடுவான்னு என் கட்சி. சாவான்னு பெங்களூர்காரன் கட்சி. தோத்தவன் அடுத்த நாள் காலையில எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்.

உங்ககிட்ட ரெண்டே ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, ஜூன் 11 மதியம் வரைக்கும் தயவுசெஞ்சு ஸ்டேட்டஸ்ல எதுவும் போடாதீங்க. ஆயா மாதிரி எனக்கு இன்னும் பக்குவம் வரல. ரெண்டு, உங்க கேங்கும் ஒரு சீரியலைச் சேர்ந்து ஆரம்பிச்சிருந்தா, அது எந்தப் பாடாவதி சீரியலா இருந்தாலும் சரி, கடைசி எபிசோடைத் தனியா பார்த்துடாதீங்க. யாராவது ஒருத்தன் ரொம்ப நாளா குரூப்ல பேசாம இருப்பான். அவனுக்கு ஒரு போன் போட்டுத் தேதியைச் சொல்லுங்க.