பக்கத்தைக் காட்டு

ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை எழுப்பி, தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால் பெரும்பாலும் தடங்கலில்லாமல் வாசித்துவிடும். வாசித்ததும் உட்கார்ந்துவிடும். அடுத்த பத்தியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதன் கண் தானாக ஓடாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் எழுத்து நன்றாகத் தெரிந்தும் புத்தகம் பக்கமே போகாத பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மதிப்பெண் பட்டியலில் அந்தக் குறை தெரிவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

ஆறு, ஏழு, எட்டு. ஒரு பிள்ளை புத்தகம் பக்கம் போகுமா போகாதா என்பது இந்த மூன்று வகுப்புகளில்தான் முடிவாகிறது. அதற்கு முன்னால் படக்கதை போதும். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் டியூஷனும் பொதுத்தேர்வுப் பேச்சும் வந்துவிடும். இடையில் கிடைக்கிற இந்த மூன்று வருஷத்துக்குள், யாரும் சொல்லாமல், தன் இஷ்டத்துக்கு, ஒரு முழு நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பிள்ளை படித்து முடித்துவிட வேண்டும். அது நடந்துவிட்டால் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கிறேன். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள், காய்கறிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வருகிற சத்திரப்பட்டிப் பிள்ளைகள். சத்திரப்பட்டியில் அவர்கள் வீட்டில் பேண்டேஜ் துணித் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் ஒரு பக்கம் படிப்பதே பெரிய காரியம்.

புத்தகத்துக்குப் பஞ்சமான ஊர்ப்பக்கம் இல்லை இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. அப்போதைய திருநெல்வேலிக் கலெக்டரின் பெயரை வைத்தார்கள். சென்னையில் கன்னிமாரா நூலகமே 1896-இல்தான் திறந்தது. சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். அதற்கெல்லாம் முன்பே இந்தச் சின்ன ஊரில் பொதுமக்கள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருந்திருக்கிறது. கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதாவைத் தமிழுக்குக் கொண்டுவந்த மு. கு. ஜகந்நாத ராஜா ராஜபாளையத்துக்காரர். விஜயநகரத்து ராஜா ஒருவர் நம் பக்கத்து ஊரை வைத்து ஒரு காவியமே எழுதியிருக்கிறார் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "நிசமாவா அத்தே, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவ்வளவு அருகில் இருக்கிறது எல்லாம். பிள்ளைக்கும் அலமாரிக்கும் நடுவில்தான் தூரம்.

விளையாட்டு அந்தத் தூரத்தைக் குறைக்கும். ஆனால் எல்லா விளையாட்டும் குறைக்காது. புத்தகத்தைப் படித்தால் நட்சத்திரம், பத்து புத்தகத்துக்குப் பரிசு, அதிகம் படித்தவர் பெயர் பலகையில் என்று பல பள்ளிகளில் நடத்துகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதில் ஜெயிப்பது எப்போதும் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைதான். படிக்காத பிள்ளை, தான் படிக்காதவன் என்பதை ஊர் பார்க்கத் தெரிந்துகொள்கிறது. அது விளையாட்டே இல்லை என்பேன். அடுத்த காயை நகர்த்த வேண்டுமானால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று இருக்க வேண்டும். அந்த விளையாட்டு போதும், பரிசு வேண்டாம்.

இதற்கு நல்ல சாட்சி ஒரு நாவலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1881 கோடையில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் பிரேமர் என்கிற ஊரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். விடாத மழை. வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பையன் லாயிட், அவர் மனைவியின் மகன், அப்போது 13 வயது. நம் கணக்குக்கு எட்டாம் வகுப்பு. அவனோடு சேர்ந்து படம் போட்டு விளையாடும்போது ஒரு தீவின் வரைபடத்தை வரைந்து வண்ணம் தீட்டினார் ஸ்டீவன்சன். துறைமுகம், குன்று, புதையல் இருக்கும் இடம். அந்தப் படத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். ஓர் அத்தியாயம் எழுதியதும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய அப்பாவும் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டு, கதையில் செத்துப்போகும் கிழட்டு மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கும் என்று ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து 1883-இல் நூலான அந்தக் கதைதான் புதையல் தீவு. விளையாடப் போட்ட படத்திலிருந்து நாவல் வந்தது. நாவலுக்குள் பிள்ளையைக் கொண்டுபோகவும் அதே வழி உதவும் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே புத்தகத்தைக் கண்ணில் காட்டாமல் முதலில் வரைபடம் போட்டோம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்தான் எங்கள் தீவு. சஞ்சீவி மலை ஒன்று, அய்யனார் கோவில் ஆறு ஒன்று, நடுவில் ஒரு மாந்தோப்பு. எங்கே புதைப்பது என்பதில் பெரிய சண்டை. அதற்கு அடுத்த வாரம் பெட்டி. செத்துப்போன ஒரு கிழவரின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறோம், உள்ளே என்ன இருக்கும், அதை வைத்து அவர் யார் என்று சொல்ல வேண்டும். ஒரு பையன் மில் கேட் பாஸ் என்றான். இன்னொருத்தி யாருக்கும் அனுப்பாத கடுதாசி என்றாள். அதன் பிறகுதான் புதையல் தீவை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது தங்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க அத்தனை தலைகளும் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தன.

வாசித்துக் காட்டுவதில் எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். கப்பலில் ஜிம் என்கிற சிறுவன் ஆப்பிள் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்குகிறான். வெளியே ஒற்றைக்கால் சமையல்காரன் ஜான் சில்வர் வந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கப்பலைக் கைப்பற்றி ஆட்களைக் கொல்லும் திட்டத்தைப் பேசுகிறான். அது முடிகிற நேரத்தில், பக்கத்திலிருந்தவனிடம் பீப்பாய்க்குள்ளிருந்து ஓர் ஆப்பிள் எடுத்துத் தரச் சொல்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"அத்தே! அப்புறம் என்னாச்சு?"

"தெரியணும்னா புக்கை எடுத்துட்டுப் போய்யா. அடுத்த வாரம் வந்து எனக்குச் சொல்லு."

கையில் இருந்தது ஒரே பிரதி. யார் முதலில் கொண்டுபோவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அதுவரை வாய் திறக்காமல் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு வாரை முறுக்கிக்கொண்டிருந்த பையன் ஒருவனுக்குச் சீட்டு விழவில்லை. சீட்டு விழுந்தவன் வீட்டுக்கே அவன் பின்னாலேயே போய், வாசல் படியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்தார்கள் என்று அந்தப் பையனின் அம்மா கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். கேள்விக்கு விடை எழுதச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது கூண்டு விளையாட்டு. நாலைந்து அத்தியாயம் முடிந்ததும் கதையில் வரும் ஒருவர் கூண்டில் ஏற வேண்டும். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிதான் கூண்டு, அதன் கால்களைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் வக்கீல். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கூண்டில் இருப்பவர் சொல்கிற பதில் கதையோடு ஒட்டவில்லை என்று தோன்றினால் "பக்கத்தைக் காட்டு" என்று கத்தலாம். காட்ட முடியாவிட்டால் கூண்டு கைமாறும். விதி இவ்வளவுதான்.

ஒருமுறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜான் சில்வராக ஏறினாள். ஒரு காலை மடக்கிக்கொண்டு, துடைப்பக் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "ஜிம் மேல உனக்கு உண்மையிலேயே பாசமா?" என்று கேட்டான் ஒருவன். "ஆமா" என்றாள். "பொய்! பக்கத்தைக் காட்டு!" அவள் சளைக்கவில்லை. கொள்ளைக்காரர்கள் ஜிம்மைக் கொல்லப் பாய்கிற இடத்தைத் தேடி எடுத்து, தடுத்தது யார் என்று விரலை வைத்துக் காட்டினாள். அதற்குள் இன்னொருவன் அதே அத்தியாயத்தைப் புரட்டி, தன்னைத் தூக்கிலிருந்து காப்பாற்ற ஜிம் சாட்சி சொல்ல வேண்டும் என்று சில்வர் பேரம் பேசுகிற பக்கத்தைப் பிடித்துவிட்டான். "பாசமெல்லாம் இல்ல, தன் கழுத்துக்காக." அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ரெண்டும் இருக்கக் கூடாதா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்று தீர்ப்பு வரவில்லை. ஒரு மனிதனுக்குள் கெட்டதும் நல்லதும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று நானாகச் சொல்லியிருந்தால் அது அறிவுரை ஆகியிருக்கும். அவள் நூற்றுச் சொச்சம் பக்கங்களைக் கடந்து, தன் கட்சிக்காரனுக்காக வாதாடி, தானே அங்கே போய்ச் சேர்ந்தாள். பாடப் புத்தகத்தின் விரிவானப் பகுதியில் ஒரு கதையைச் சுருக்கித் தருவதால் இது வராது. பாத்திரம் மாறுவதைப் பார்க்க நீளம் வேண்டும், நாள்கள் வேண்டும். சிறுகதை எனக்கு உயிர். ஆனாலும் இந்த வயதுக்கு நாவல்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

விளையாட்டும் இலக்கியமும் வேறு வேறு என்று நினைக்கிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலாவது அப்படி நினைக்கக் கூடாது. நாச்சியார் திருமொழியில் சின்னப் பெண்கள் மணலில் சிற்றில் கட்டி விளையாடுகிறார்கள், கண்ணன் வந்து அதைக் கலைக்கிறான். இன்னொரு பதிகம் முழுவதும் கூடல் இழைக்கிற விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைந்து, முனை கூடினால் நினைத்தது கைகூடும் என்று பார்ப்பது. மொட்டை மாடியில் சாக்பீஸால் பிள்ளைகளைக் கூடல் இழைக்க விட்டேன். அதன் பிறகு அந்தப் பதிகத்தை எடுத்தபோது அருஞ்சொல் பொருள் கேட்டவர்கள் அவர்களே.

சிவகாசியையும் சொல்லாமல் விட முடியாது. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் வந்தது. 1984-இல் லயன் காமிக்ஸ். தமிழ்நாட்டில் எத்தனையோ பேரை நாவல் வரை கைப்பிடித்துக் கூட்டி வந்தவை அவை. இப்போதும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் இன்று அவற்றை ஆசையாக வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்துப் பிள்ளைகள். பக்கத்து ஊரில் இருக்கிற ஏழாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்ததே இல்லை. நம் மாவட்டத்து நூலகங்களிலாவது காமிக்ஸுக்கு ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். ஒதுக்கிப் பூட்டி வைக்கக் கூடாது.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகத் தேன்சிட்டு இதழ் 2022-இல் வந்தது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்ன நூல்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. அழகான படங்கள், கொஞ்சமான எழுத்து, பிள்ளைகள் பேசுகிற தமிழ். எடுத்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். இதை மனதாரப் பாராட்டுகிறேன். என் ஆசை ஒன்றுதான். பறக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் அடுத்து ஒரு நாவலைக் கொடுக்க வேண்டும். அந்தப் படி இன்னும் வரவில்லை.

கொடுப்பதற்கு நாவல் இல்லாமல் இல்லை. கோவில்பட்டிக்காரர் உதயசங்கரின் ஆதனின் பொம்மை இன்றைய சிறுவன் ஒருவனைக் கீழடிக் காலத்துச் சிறுவனோடு சேர்த்து வைக்கிறது. 2023-இல் சாகித்ய அகாதமியின் பால புரஸ்கார் பெற்றது. யெஸ். பாலபாரதியின் மரப்பாச்சி சொன்ன ரகசியம் பெண் பிள்ளைகள் வீட்டில் பேசத் தயங்குவதைப் பற்றிய நாவல், அதுவும் அதே விருது பெற்றது. மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் சிறுவர்களுக்கென்று ஏழுதலை நகரம் எழுதியிருக்கிறார். கி.ரா.வின் பிஞ்சுகள் கரிசல் காட்டையும் பறவைகளையும் விட்டுப் பிரியாது. இந்த நாலும் ஒரு வகுப்புக்கு ஐந்தைந்து பிரதி இருந்தால் கூண்டு விளையாட்டுக்குத் தாராளம்.

படித்து முடித்த பிள்ளையிடம் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள் என்று ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நீதி என்ன என்று கேட்காதீர்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்கவும் விடுங்கள். வாசகருக்கு உள்ள உரிமைகள் என்று பிரெஞ்சு ஆசிரியர் தானியேல் பென்னாக் 1992-இல் பத்து எழுதி வைத்தார். பக்கங்களைத் தாண்டிப் போவதும் முடிக்காமல் விடுவதும் அதில் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சொன்னது அது. எங்கள் மாடியில் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நான் கேட்பது, "யாரைக் கூண்டில ஏத்தலாம்?" என்று மட்டும்தான்.

காலாண்டு விடுமுறைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சிநேகிதி ஒருத்தியும் தன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறாள். அவர்கள் செண்பகத்தோப்பையும் அங்கே மரத்துக்கு மரம் தாவுகிற சாம்பல் நிற அணில்களையும் வைத்து ஒரு வரைபடம் போட்டு அனுப்புவார்கள். புதையல் எங்கே என்று அதில் குறிப்பு மட்டும்தான் இருக்கும், குறிப்புக்கு விடை பிஞ்சுகள் நாவலின் பக்கங்களில். எங்கள் பிள்ளைகள் படித்துக் கண்டுபிடித்துவிட்டு, பதிலுக்கு ராஜபாளையம் வரைபடம் ஒன்றை அனுப்ப வேண்டும். அதற்கு எந்த நாவலை வைத்துக் குறிப்பு எழுதுவது என்பதில் இப்போதே இரண்டு கட்சி. மரப்பாச்சி என்று பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். ஜான் சில்வரை விட்டுத் தர மாட்டேன் என்று, செருப்பு வாரை முறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பையன் இன்னொரு பக்கம்.