உத்துவன்கந்தையில் பதினொரு படிகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பந்தியையாவது வாசித்துவிட்டுப் போங்கள். அதில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன வருடம் தரம் 9 பிள்ளைகளை உத்துவன்கந்தைக்குக் கூட்டிப் போனேன். கொழும்பு - கண்டி வீதியில் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் ஜன்னலால் பார்க்கும் மலைதான். சரதியலின் மலை. வரலாறு பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் படிப்பித்தால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருகிறது. சரதியலும் அவன் கூட்டாளி மம்மலே மரிக்காரும் ஒளிந்திருந்த இடத்திலேயே நின்று கதையைச் சொன்னால் மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

உண்மையில் மறக்கவில்லை. 1864 மார்ச் 21ஆம் திகதி அவர்களைப் பிடிக்கப் போய் வெடிபட்டு மௌத்தான கொன்ஸ்டபிள் சபான் ஒரு மலாய் முஸ்லிம் என்று சொன்னதும் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் அவர்தான். அதனால்தான் இன்றும் மார்ச் 21 பொலிஸ் வீரர்கள் தினம். அதே வருடம் மே 7ஆம் திகதி சரதியலையும் மரிக்காரையும் கண்டியில் தூக்கிலிட்டார்கள். "அப்ப சேர், கள்ளன் பக்கமும் நம்ம ஆள், பொலிஸ் பக்கமும் நம்ம ஆளா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. அதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இறங்கினோம்.

பாதை வளைந்து வளைந்து இறங்கும். ஒரு வளைவில், நேராகக் கீழே விழும் குறுக்குவழி ஒன்று இருந்தது. ஆட்கள் நடந்து நடந்து புல் எல்லாம் போய், சிவப்பு மண்ணும் உருளைக் கல்லுமாகக் கிடந்தது. முந்தின இரவு மழை. "சேர், குறுக்கால போவமா?" என்று கேட்டார்கள். ளுஹருக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் தலையில் இருந்தது.

"மெதுவாப் போங்க" என்றேன்.

அந்த இரண்டு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. மூன்றாவதாக இறங்கிய பொடியன் சறுக்கி, மூன்று ஆள் நீளத்துக்கு உருண்டு, ஒரு இறப்பர் மரத்தில் மோதி நின்றான். இடது மணிக்கட்டு உடைந்தது. தலை மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய வாப்பா என் தோளைத் தட்டி, "பொடியன்தானே சேர், வீட்டு முத்தத்தில விழுந்தாலும் இப்படித்தான்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மலைப் பாதையைத் திருத்தச் சிரமதானம், ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. காணிக்காரரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் அனுமதி எடுத்திருந்தார்கள். போகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். உம்மா சோறு பிசைந்த கையை நிறுத்தினார். "எனத்துக்கு மகன் தனியப் பெய்த்து அவங்களோட மலைக்கெல்லாம்?"

உம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2001 மே மாதம் மாவனல்லை எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவின் சின்னப் புடவைக் கடையும் அதில் போனது. அந்தப் புகை வாசம் உம்மாவின் மூக்கில் இன்னும் இருக்கிறது.

ஆனாலும் போனேன். பதினாறு பேர் வந்திருந்தார்கள். முஸ்லிம் நான் மட்டும். கயிறு கட்டிப் பாறை ஏறிப் பழகும் கண்டிப் பொடியன்மார் இரண்டு பேர். மற்றவர்கள் அக்கம்பக்கத்துச் சிங்கள ஆட்கள். எங்களுக்கு வேலை காட்டியது, ரோட்டு வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு முதியவர். எல்லோரும் அவரை மாமா என்றார்கள். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான் என்பதால் நானும் மாமா என்றேன்.

மாமா முதலில் மண்வெட்டியைத் தொட விடவில்லை. ஒரு போத்தல் தண்ணீரைப் பாதையில் ஊற்றினார். "பாருங்க, எங்க போகுதுன்னு." தண்ணீர் பாதை ஓரத்தால் சரிவுக்கு இறங்கவில்லை. பாதையையே ஆறாக்கிக்கொண்டு நீளத்துக்கு ஓடியது. குறுக்குவழிக்கு வந்ததும் வேகம் எடுத்து, மண்ணையும் வாரிக்கொண்டு போனது. "மனுசன் நடந்து பாதை கெட்டுப் போறது கொஞ்சம். தண்ணி ஓடித்தான் கெட்டுப் போகுது" என்றார்.

அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் ஐந்து 'ஈ' முறையை மூன்று வருடம் படித்தவன் நான். ஒரு போத்தல் தண்ணீரால் இவ்வளவு அழகாகப் பாடம் தொடங்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

அன்று படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பாதையை மலைக்கு நேரே மேல்நோக்கி வெட்டக் கூடாது, குறுக்கே சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச் சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் தண்ணீர் பாதையை விட்டு இறங்காது. கண்டிப் பொடியன்மார் சொன்ன கணக்கு, பத்து மீற்றர் நடந்தால் ஒரு மீற்றர் ஏற வேண்டும். பாதையின் வெளி ஓரம் உள் ஓரத்தை விட ஒரு சொட்டுப் பதிவாக இருக்க வேண்டும். இடைக்கிடை சின்னப் பள்ளம் விட்டால் தண்ணீர் அதால் வெளியே போய்விடும்.

சரிவு கூடிய இடத்தில் கல் படிதான். படியைக் கீழே இருந்துதான் கட்ட வேண்டும். மேல் கல்லின் முன் பக்கம் கீழ்க் கல்லின் பின் பக்கத்தில் ஏறி உட்கார வேண்டும். இடைவெளிக்கு மண் போடக் கூடாது, உடைத்த கல்லைத்தான் இறுக்க வேண்டும். மண் மழையில் கரைந்துவிடும். படிக்கு இரு பக்கமும் பெரிய கல் போடாவிட்டால் ஆட்கள் படியை விட்டுவிட்டு ஓரத்தால் நடப்பார்கள், பிறகு அங்கே இன்னொரு குறுக்குவழி.

நான் ஆசையாக ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா சிரித்தார். "சேர், ஒராள் தனியத் தூக்கக் கூடிய கல் படிக்குச் சரிவராது. மழைக்கு அசைஞ்சிடும்."

அதனால் ஒரு கல்லுக்கு நாலு பேர். அலவாங்கால் நெம்பி, கயிறு போட்டு இழுத்து, கால் விரலை நசுக்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வைத்தது இரண்டே இரண்டு படி. அட்டை கடித்த இடத்தை நான் எண்ணவில்லை.

இது ஒரு சின்ன வேலைதான் என்று எனக்குத் தெரியும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தபோது இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக நூறு பேருக்கு மேல். இங்கிருந்து அது தூரமில்லை. நிவாரணப் பொருள் ஏற்றிப் போன லொறியில் நானும் போயிருந்தேன். ஒரு ஒற்றையடிப் பாதையால் மலை அப்படிச் சரியாது, அதைத் திருத்தினால் சரிவு நிற்கும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மலைநாட்டில் இருந்துகொண்டு தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமலே நான் முப்பது வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு. பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் வந்தது. நான் ஓரமாக ளுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கென்று ஒரு கோப்பையை மூடி வைத்திருந்தார்கள். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து, "சேருக்கு டவுன்ல கடை இருந்ததா?" என்று கேட்டார். எதைக் கேட்கிறார் என்று விளங்கியது. "வாப்பாட கடை. எரிஞ்சது" என்றேன்.

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு நான் கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ளதான் இருந்தேன். சத்தம் கேட்டது. வெளியில வரல்ல."

அவர் எரிக்கவில்லை. கல் எறியவில்லை. கதவைச் சாத்தினார், அவ்வளவுதான். அதை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. நான் என்ன சொல்வது? மன்னித்தேன் என்று சொல்ல அது என் கடையும் இல்லை. வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். எனக்கு ஞாபகம் வந்தது "மெதுவாப் போங்க" தான். அந்தப் பொடியனின் கதையை அவருக்குச் சொன்னேன். நான்தான் அந்த வழியால் விட்டேன் என்று அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, அதிபரிடம்கூட. மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எந்த இடம்?" என்றார். காட்டினேன். அன்று பின்னேரம் அந்தக் குறுக்குவழியின் வாயில் முள்ளும் மரக்கொப்பும் போட்டு அடைத்தோம். அடுத்த கிழமை அந்த வளைவில் படி வைக்கத் தொடங்கினோம்.

பதினொரு படி. ஐந்து ஞாயிற்றுக்கிழமை.

கடைசிக் கல் வைத்த அன்று பொடியனின் வாப்பா அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தப் பாதையில் அவனுக்குப் பயம் இருக்கக் கூடாது என்று அவரே நினைத்திருக்கிறார். கை சுகமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பாரம் தூக்க நாங்கள் விடவில்லை. உடைத்த கல்லை இடைவெளிக்குள் போட்டு இறுக்கும் வேலையை மாமா அவனுக்குக் கொடுத்தார். அவனையும் அவன் வாப்பாவையும் வைத்துக்கொண்டு, அன்று போகச் சொன்னது என் பிழை என்று சொன்னேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து கொண்டார்.

சிரமதானம் நம்முடைய நாட்டுக்குப் புதிதல்ல. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு வேலை செய்யக் கூட்டிப் போனார். சர்வோதயம் அங்கிருந்துதான் தொடங்கியது. நமக்கு மதரஸாவில் சொல்லித் தந்ததும் அதுதான்: பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை. யாருடைய பாதை என்று அங்கே பிரித்துச் சொல்லித் தரவில்லை.

இனி உதவி. மேல் பகுதியில் இன்னும் இரண்டு வளைவு கிடக்கிறது, அடுத்த பருவ மழைக்கு முன் முடிக்க வேண்டும். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு அடிவாரத்துக்கு வாருங்கள். கையுறை, ஒரு போத்தல் தண்ணீர், அட்டைக்குச் சவர்க்காரம் கொண்டு வாருங்கள். அலவாங்கு இருப்பவர்கள் அதையும் கொண்டு வந்தால் நல்லது. வர முடியாதவர்கள், மலைக்குப் போனால் தயவுசெய்து குறுக்கால இறங்காதீர்கள். உம்மா இந்தமுறை பதினாறு பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டித் தருகிறாராம். "அந்த மாமாக்கு உறைப்புக் கூடவா, குறையவா?" என்று நேற்றுக் கேட்டார். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுவந்து சொல்ல வேண்டும்.